பதற்றம் குறைந்தது சரி, குறைத்தது எது?

கேள்வி இது. கேட்பவர் முதுகலை உளவியல் மாணவி, கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் செய்கிறார். ஹாஸ்டலில் கேள்வித்தாள் கொடுத்து, தேர்வுப் பதற்றம் அதிகமாக உள்ள மாணவிகள் 40 பேரைப் பொறுக்கி எடுக்கிறார். நான்கு வாரம் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே கேள்வித்தாளை மறுபடி கொடுக்கிறார். மதிப்பெண் இறங்கினால் பிராணாயாமம் வேலை செய்கிறது என்று நிரூபணம் ஆகிவிடாதா? கைடு மட்டும் கன்ட்ரோல் குரூப், அதாவது பிராணாயாமம் செய்யாத ஒப்பீட்டுக் குழு, இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். அது வெறும் சம்பிரதாயமா, நிஜமாகவே தேவையா என்று கேட்கிறார்.

உங்கள் கைடு சொல்வதுதான் சரி. ஆனால் கன்ட்ரோல் குரூப் என்று இன்னொரு 20 பேரைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவரும் நினைத்தால், அதுவும் போதாது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் வைவாவில் (நேர்முக வாய்மொழித் தேர்வில்) யார் என்ன கேட்டாலும் திணற மாட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருக்கும் திட்டம் பழைய ஆசாமிதான். ஒரே குழு, முன் சோதனை, பின் சோதனை. டொனால்ட் கேம்ப்பெல்லும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963-இல் எழுதிய ஆய்வு வடிவமைப்புக் கையேட்டில் இதைச் சோதனை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சோதனைக்கு முந்தைய நிலை என்று தனியாக ஒதுக்கிவைத்தார்கள். பதற்றம் குறைந்ததற்கு உரிமை கொண்டாட உங்கள் பிராணாயாமத்தைத் தவிர இன்னும் பலர் வரிசையில் நிற்பார்கள் என்பதுதான் காரணம். அவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் காலண்டர். முன் சோதனையை எந்த வாரம் வைக்கப்போகிறீர்கள்? பெரும்பாலும் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய வாரம் வைப்பார்கள், அப்போதுதான் பதற்றப்படுகிறவர்கள் கிடைப்பார்கள். நான்கு வாரம் கழித்துப் பின் சோதனை வரும்போது தேர்வு முடிந்து பேப்பரும் திருத்தி வந்திருக்கும். பாயை விரித்துக்கூட உட்காராமல் இருந்திருந்தாலும் பதற்றம் இறங்கித்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பதை மறந்துவிடாதீர்கள். பின் சோதனை செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் விழுந்தால், பிராணாயாமம் நிஜமாகவே உதவியிருந்தாலும் மதிப்பெண் ஏறியிருக்கும். நீங்களும் பாவம், உதவாது என்று எழுதிக்கொடுத்துவிடுவீர்கள்.

அடுத்தது கேள்வித்தாள். ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய மனநிலைக்கு 20 வாக்கியம், பொதுவான சுபாவத்துக்கு 20 வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை ஒன்றை வட்டமிட வேண்டும். 40 வாக்கியத்தையும் ஏற்கெனவே ஒரு முறை படித்த மாணவி, இரண்டாவது முறை ‘ஓ, அதே பேப்பரா’ என்று வேறு மாதிரிதான் பதில் சொல்லுவாள். அதைவிடப் பெரிய சிக்கல் மரியாதை. சீனியர் அக்கா நான்கு வாரமாகக் காலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவரே பேப்பரை நீட்டும்போது ‘இன்னும் படபடப்பாத்தான் இருக்குக்கா’ என்று எந்தத் தங்கை எழுதுவாள்? சோதனைக்கு வந்தவர்கள் ஆய்வாளர் என்ன எதிர்பார்க்கிறார் என்று மோப்பம் பிடித்து அதற்கேற்ப நடந்துகொள்வதை மார்ட்டின் ஓர்ன் 1962-இலேயே விளக்கமாக எழுதிவிட்டார். நம் ஊர் ஹாஸ்டல்களில் அது இன்னும் ஒரு படி கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம். இங்கே மூத்தவர் மனம் கோணக்கூடாது என்பதைச் சிறுவயதிலிருந்தே பழகிவிடுகிறோம்.

மூன்றாவதுதான் ரொம்ப மோசமானது, ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. பதற்றம் *அதிகமாக* இருப்பவர்களைப் பொறுக்கி எடுத்தீர்கள் இல்லையா, பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு மதிப்பெண் மிக அதிகமாக வந்தவர்களில் இரண்டு வகை இருப்பார்கள். எப்போதுமே பதற்றப்படுகிறவர்கள் ஒரு வகை. முந்தின இரவு தூங்காதது, வீட்டிலிருந்து வந்த போன், மாதவிலக்கு என்று அன்றைக்கு மட்டும் உச்சத்தில் இருந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் அடுத்த முறை தங்கள் வழக்கமான இடத்துக்கு இறங்கிவிடுவார்கள். இதைத்தான் புள்ளியியலில் சராசரியை நோக்கிய பின்வாங்கல் என்கிறார்கள்.

எவ்வளவு இறங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹாஸ்டல் முழுவதின் சராசரி 40, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 10, நான்கு வார இடைவெளியில் ஒருவரின் முதல் மதிப்பெண்ணுக்கும் இரண்டாவதுக்கும் ஒட்டுறவு (முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.6 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பொறுக்கிய 40 பேரின் சராசரி 56. ஒன்றுமே செய்யாமல் விட்டால் அவர்களின் அடுத்த சராசரி எங்கே வரும்? 56-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் 16, அதில் 0.6 பங்கு 9.6. அதை 40-உடன் கூட்டினால் 49.6. அதாவது சும்மா இருந்தே ஆறு மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கிவிட்டது! இதை அப்படியே கம்ப்யூட்டரில் போட்டு இணை டி-சோதனை (அதே ஆட்களின் முன், பின் மதிப்பெண்களை ஒப்பிடும் சோதனை) செய்தால் டி மதிப்பு சுமார் 5 வரும், பி மதிப்பு (நிஜத்தில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர உள்ள வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. மூன்று நட்சத்திரம் போட்டு அட்டவணை தயாராகிவிடும். மூச்சுப் பயிற்சி எதுவும் நடக்கவே இல்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் பேசும்போது இதைத்தான் கண்டார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறான், அதனால் பாராட்டு பயன்படாது என்று ஒரு பயிற்சியாளர் வாதிட்டார். அவர் பார்த்தது உண்மை. ஆனால் பாராட்டினாலும் திட்டினாலும் இரண்டு பேருமே தங்கள் வழக்கமான இடத்துக்குத்தான் திரும்பியிருப்பார்கள். நம் பள்ளிகளில் பிரம்புக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது கன்ட்ரோல் குரூப் எதற்கு என்பது தெளிவாகியிருக்கும். பிராணாயாமம் செய்யாமல் இருந்திருந்தால் இந்த நான்கு வாரத்தில் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்குக் காட்ட, இப்படிக் குழுவாக வைத்துச் செய்யும் ஆய்வில் வேறு வழியே இல்லை. அதே தேர்வு, அதே கேள்வித்தாள், அதே பின்வாங்கல் எல்லாம் அந்தக் குழுவுக்கும் நடக்கும். இரண்டு குழுவும் எவ்வளவு இறங்கின என்பதில் உள்ள *வித்தியாசம்* மட்டும்தான் பிராணாயாமத்தின் கணக்கில் சேரும். பிராணாயாமக் குழு 8 இறங்கி, மற்றது 6 இறங்கினால் உங்கள் கண்டுபிடிப்பு 2. எட்டு இல்லை.

சரி, அந்த இரண்டாவது குழுவை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘விருப்பமுள்ளவர்கள் பிராணாயாமக் குழு, மற்றவர்கள் கன்ட்ரோல்’ என்று பிரித்த ஆய்வேடுகள் நிறைய வருகின்றன. காலை ஆறு மணிக்கு எழுந்து வர ஒப்புக்கொள்கிறவளும் மாட்டேன் என்கிறவளும் ஒரே மாதிரி ஆட்களா? ‘முதலில் பெயர் கொடுத்த 20 பேர் அ, அடுத்த 20 பேர் ஆ’ என்பதும் அதே வியாதிதான், முதலில் பெயர் கொடுப்பவர்கள் சுறுசுறுப்பானவர்கள். ஒரு மாடி அ, இன்னொரு மாடி ஆ என்றால் முதலாண்டு மாணவிகள் ஒரு பக்கமும் மூன்றாமாண்டு மறுபக்கமும் போய்விடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ரேண்டம் எண் எடுத்தாலும் சரி. நான்கு நான்கு பேராகக் கட்டுக் கட்டி, கட்டுக்கு இருவர் ஒரு குழு, இருவர் மறு குழு என்று குலுக்கினால் இரண்டு குழுவும் கடைசிவரை சம எண்ணிக்கையில் இருக்கும். குலுக்கலை நீங்கள் செய்யாமல், மாணவிகளைத் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே செய்தால் ‘இவ ரொம்ப அழுறா, பாவம், பயிற்சியில போட்டுடுவோம்’ என்று கை தானாகப் போகும்.

குலுக்கலுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு மார்ஷ்மெல்லோ சோதனையைச் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டின் பிங் நர்சரிப் பள்ளியில் 1960-களின் கடைசியில் வால்டர் மிஷல் தொடங்கியது. தட்டில் ஒரு இனிப்பை வைத்து, நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் கல்லூரி நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990-இல் ஒரு கட்டுரை வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, பொறுமையைக் கற்றுக்கொடுத்தால் குழந்தை முன்னேறிவிடும் என்று உலகம் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் எந்தக் குழந்தையையும் குலுக்கல் போட்டுப் பொறுமைசாலி ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொறுமையும் மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தன, அவ்வளவே. 2018-இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பழைய அளவில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, சிறுவயது அறிவுத்திறன், வீட்டுச் சூழல் இவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

இதற்குப் பக்கத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் ராச்செஸ்டரில் செய்து 2013-இல் வெளியிட்டதை வைத்துப் பாருங்கள். வெறும் 28 குழந்தைகள். சோதனைக்கு முன்னால் படம் வரையச் சொல்லி, இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன், காத்திரு என்றார்கள். குலுக்கலில் ஒரு பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறு பாதியிடம் ‘மன்னிச்சுக்கோ, இருக்குன்னு நினைச்சேன், இல்லை’ என்று வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம் அதே இனிப்புச் சோதனை. வாக்கைக் காப்பாற்றிய ஆளிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். 28 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், இன்னும் பலர் செய்து பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் எது எதற்குக் காரணம் என்று கேட்டால் இந்த 28 பேரால் பதில் சொல்ல முடிகிறது, அந்த 900 பேரால் முடியவில்லை. இரண்டு குழுவையும் பிரித்தது குலுக்கல் மட்டும்தான் என்பதால், எந்தக் குழந்தை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது ஒரு பக்கமாகச் சாய வழியில்லை.

கன்ட்ரோல் குழு அந்த நான்கு வாரமும் என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால், பிராணாயாமக் குழுவுக்குக் கிடைத்ததில் பாதி பிராணாயாமமே இல்லை: தினம் தோழிகளோடு சேர்ந்து அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்தது, போனைத் தொடாமல் இருந்தது, ஒருவர் அக்கறையாக வந்து விசாரித்தது. எனவே கன்ட்ரோல் குழுவையும் அதே நேரத்துக்கு வேறொரு அறைக்கு வரவழைத்து, அமைதியாக உட்கார்ந்து வாத்திய இசை கேட்கச் சொல்லுங்கள். அதையும் ஒரு மனப்பயிற்சி என்றே, அதே உற்சாகத்தோடு அறிமுகப்படுத்துங்கள். அப்போதுதான் மிஞ்சும் வித்தியாசம் மூச்சுக்கு உரியது. ஒரே அறையில் தங்கியிருக்கும் இருவரை ஆளுக்கொரு குழுவில் போட்டால் இரவில் ஒருத்தி மற்றவளுக்கு நாடி சுத்தி சொல்லிக்கொடுத்துவிடுவாள். அறை அறையாகக் குலுக்கலாம். அப்படிச் செய்தால் அலசும்போதும் அறையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைக் கைடிடம் நினைவுபடுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஆள் மிச்சம். அது நீங்கள்தான்.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்று ஒரு குதிரை வைத்திருந்தார். கூட்டல், கழித்தல், பின்னம், தேதி, எதைக் கேட்டாலும் அது குளம்பால் தரையைத் தட்டிப் பதில் சொல்லும். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. அவர் காசு வாங்கவில்லை, குதிரைக்கு அறிவிருக்கிறது என்று மனதார நம்பினார். 1904-இல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். சர்க்கஸ் மேலாளர், கால்நடை மருத்துவர், குதிரைப்படை அதிகாரி, பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். எந்தத் தந்திரமும் இல்லை என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அது பொய்யும் இல்லை. ஃபான் ஆஸ்டன் இல்லாமல் வேறு யார் கேட்டாலும்கூட ஹான்ஸ் பெரும்பாலும் சரியாகச் சொன்னது.

ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்தான் கேள்வியை மாற்றினார். குதிரைக்குத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். எண் எழுதிய அட்டைகளைக் கலைத்து ஒன்றை எடுத்துக் குதிரையிடம் காட்டுவார்கள். ஒரு முறை காட்டுபவரும் எண்ணைப் பார்ப்பார், இன்னொரு முறை பார்க்காமலே காட்டுவார். இரண்டு விதத்தையும் ஒரே அமர்வில் மாற்றி மாற்றிச் செய்ததால், அன்றைக்குக் குதிரைக்கு மூடு சரியில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. கேட்பவர் எண்ணைப் பார்த்திருந்தபோது கிட்டத்தட்ட எல்லாமே சரி. பார்க்காதபோது பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கூட்டலுக்கு இன்னும் அழகாக ஒரு ஏற்பாடு: ஃபான் ஆஸ்டன் குதிரையின் காதில் ஒரு எண்ணைச் சொல்ல, ஃபுங்ஸ்ட் இன்னொரு எண்ணைச் சொல்லுவார். கூட்டுத்தொகை குதிரையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. குதிரைக்கும் தெரியவில்லை. கண்ணுக்கு மறைப்புக் கட்டிக் கேட்பவரைப் பார்க்க முடியாமல் செய்தபோதும் அதே கதி.

அப்படியானால் ஹான்ஸ் எதைப் படித்தது? கேள்வியை முடித்தவர் குளம்பைப் பார்ப்பதற்காகத் தலையை லேசாகக் குனிவார், குதிரை தட்ட ஆரம்பிக்கும். சரியான எண் வந்ததும் அவருடைய தலை மயிரிழை அளவு நிமிரும், குதிரை நிறுத்திவிடும். ஃபுங்ஸ்ட் இதைக் கண்டுபிடித்த பிறகு, தானே கேட்பவராக நின்று அந்த அசைவைச் செய்யாமல் இருக்க முயன்றும் முடியவில்லை. பிறகு ஆய்வுக்கூடத்தில் தானே குதிரையாகி, வந்தவர்களை மனதில் ஒரு எண் நினைக்கச் சொல்லிக் கையால் மேசையைத் தட்டினார். வந்தவர்களில் பெரும்பாலானோர் தெரியாமலேயே அவருக்கு விடையைக் காட்டிக்கொடுத்தார்கள். தேர்ந்த நிபுணர்கள் கொண்ட குழு மோசடியைத் தேடியது, அது இல்லை என்று சரியாகவே சொன்னது. அந்தக் குழு கவனிக்காமல் விட்டது நேர்மையான மனிதனின் கழுத்தை.

இது குதிரையோடு முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். ஜான் பார்க் குழுவினர் 1996-இல் நியூயார்க்கில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதுமையை நினைவூட்டும் சொற்களைக் கொண்ட வாக்கியங்களைச் சீர்செய்த மாணவர்கள், அறையை விட்டுப் போகும்போது நடைபாதையில் மெதுவாக நடந்தார்களாம். பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்துவிட்ட ஆய்வு. 2012-இல் ஸ்டெஃபான் டோயன் குழு பிரஸ்ஸல்ஸில் இதைத் திரும்பச் செய்தது. ஸ்டாப்வாட்ச் பிடிக்காமல் அகச்சிவப்பு சென்சார்களால் நேரத்தை அளந்தபோது எந்த வித்தியாசமும் இல்லை. அடுத்த கட்டமாக, சோதனை நடத்துகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் ‘வருகிறவர்கள் மெதுவாக நடப்பார்கள்’ என்றும் இன்னொரு பகுதியினரிடம் ‘வேகமாக நடப்பார்கள்’ என்றும் சொல்லிவைத்தார்கள். மெதுவாக நடப்பார்கள் என்று நம்பியவர்கள் நடத்திய சோதனையில் மட்டும் முதுமைச் சொற்கள் கொடுக்கப்பட்டவர்கள் உண்மையிலேயே மெதுவாக நடந்தார்கள். சென்சாரே அப்படிக் காட்டியது! நடத்துகிறவரின் எதிர்பார்ப்பு அவருடைய ஸ்டாப்வாட்சை மட்டும் தொற்றவில்லை, எதிரில் இருந்தவரின் காலையும் தொற்றியது.

பாடப்புத்தகம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வைவாவில் ஆய்வாளரின் தாக்கம் பற்றிக் கேட்டால் உடனே ஹாத்தார்ன் தொழிற்சாலை விளக்குக் கதையைச் சொல்லாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்ற அந்தக் கதையின் மூலத் தரவை ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் 2011-இல் மறுபடி அலசிப் பார்த்தார்கள். கதையில் வருகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஹான்ஸைச் சொல்லுங்கள், உறுதியான ஆதாரம்.

உங்கள் ப்ராஜெக்ட்டில், யார் பிராணாயாமம் செய்கிறோம் என்பதை மாணவிகளிடமிருந்து மறைக்க முடியாது. ஆனால் மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம். பின் சோதனைக் கேள்வித்தாளைக் கொடுப்பதும் வாங்குவதும் உங்கள் வகுப்புத் தோழி ஒருவராக இருக்கட்டும், எந்த மாணவி எந்தக் குழு என்று அவருக்குத் தெரியவே கூடாது. தாளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். உங்கள் கண்ணில் படாமல் உறையில் போட்டு ஒட்டிவிடச் சொல்லுங்கள். தரவை அலசும்போதும் குழுக்களின் பெயர் 1, 2 என்றே இருக்கட்டும், எது பிராணாயாமம் என்று கடைசியில் திறந்து பாருங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அலசும்போது வரும் சபலத்தையும் இப்போதே கட்டிப்போட வேண்டும். ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூவரும் 2011-இல் ஒரு விஷமம் செய்தார்கள். ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டதால் மாணவர்களுக்கு *வயதே* கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று நிஜமான தரவை வைத்துப் புள்ளியியல்படி நிரூபித்துக் காட்டினார்கள். மனதளவில் இளமையாக உணர்ந்தார்கள் என்றல்ல, பிறந்த தேதிப்படியே வயது குறைந்ததாம்! செய்ததெல்லாம் சில்லறை வேலைதான்: பலவற்றை அளந்துவிட்டுச் சாதகமானதை மட்டும் சொல்வது, முடிவு வரும்வரை ஆள் சேர்ப்பது, தோதான மாறியைக் கணக்கில் சேர்ப்பது, வேண்டாத குழுவை விட்டுவிடுவது. இந்த நான்கு சுதந்திரமும் சேர்ந்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் 100-க்குச் சுமார் 61 முறை பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரும் என்று கணக்குக் காட்டினார்கள். 5 முறைதான் வந்திருக்க வேண்டும். 2015-இல் முன்னணி இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் (பி மதிப்பு 0.05-க்குக் கீழே) காட்டியிருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான். அந்தச் சரிவுக்கு இந்தச் சில்லறை வேலைகளுக்கும் நல்ல பங்கு உண்டு. எனவே எந்த அளவுகோல் முக்கியமானது, எத்தனை பேர், எந்தச் சோதனை, பாதியில் விட்டுப்போனவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, முதல் கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன்னால் கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான சிடிஆர்ஐ பதிவேட்டில் முதுநிலை மாணவர்களின் ஆய்வுகளையும் பதியலாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, ஒப்புதல் படிவம் இரண்டையும் பற்றி உங்கள் கல்லூரியே சொல்லிவிடும், அதில் நான் நீட்ட ஒன்றுமில்லை.

எத்தனை பேர் என்பது வயிற்றைக் கலக்கும் கேள்வி. நடுத்தர அளவு விளைவை, அதாவது அரைத் திட்ட விலக்க வித்தியாசத்தை, 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமென்றால் ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். பெரிய விளைவு, 0.8 என்றால் 26. சிறிய விளைவு, 0.2 என்றால் 394! ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். குழுவுக்கு 20 பேர் மட்டும் வைத்துக்கொண்டு ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதினால் அது பிராணாயாமத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, உங்கள் எண்ணிக்கையைப் பற்றித்தான் சொல்லும். ஒரு சின்னச் சலுகை உண்டு. பின் மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடாமல், முன் மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்து, அதாவது இணை மாறியாக வைத்து அலசினால் தேவையான எண்ணிக்கை குறையும். முன்னும் பின்னும் உள்ள ஒட்டுறவு 0.7 இருந்தால் 64 என்பது ஏறக்குறைய 33 ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் மொத்தம் 66, விட்டுப்போகிறவர்களையும் சேர்த்தால் 80 பேரைத் தேட வேண்டியிருக்கும்.

அவ்வளவு பேர் கிடைக்காது என்றால்? 40 பேரைப் பாதியாக வெட்டி அரைகுறையாகச் செய்வதைவிட, ஐந்தே ஐந்து மாணவிகளை எடுத்து உருப்படியாகச் செய்யலாம். ஒற்றை நபர் வடிவமைப்பு என்று ஒரு மரபே இருக்கிறது. நம் கல்லூரிகளில் ஏனோ அதைச் சொல்லிக்கொடுப்பது குறைவு. ஐந்து பேரும் முதல் நாளிலிருந்து தினமும் இரவு ஒரே நேரத்தில் தங்கள் பதற்றத்தை 0 முதல் 10 வரை குறிக்கட்டும். பிராணாயாமத்தை எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒருவருக்கு 8-ஆம் நாள், அடுத்தவருக்கு 12, அப்புறம் 16, 20, 24. யாருக்கு எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தொடங்குவதற்கு முன்னும் பின்னும் குறைந்தது ஐந்து நாள் பதிவாவது ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். தேர்வு முடிந்ததால் பதற்றம் இறங்கியிருந்தால் ஐந்து கோடும் ஒரே நாளில் இறங்கும். பின்வாங்கல் என்றால் பயிற்சிக்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு கோடும் அவரவர் தொடங்கிய நாளுக்குப் பிறகு மட்டும் இறங்கினால், அதற்குக் காலண்டர் உரிமை கொண்டாட முடியாது. அக்காவின் மனம் கோணக்கூடாது என்ற சிக்கல் மட்டும் இதிலும் இருக்கும், அதனால் அந்த இரவுக் குறிப்பையும் உங்கள் தோழியே வாங்கட்டும்.

இதற்கும் முறையான புள்ளியியல் உண்டு. ஐந்து பேரை ஐந்து தொடக்க நாட்களில் 120 விதமாக அடுக்கலாம். உண்மையில் குலுக்கலில் வந்த அடுக்கில்தான் இறக்கம் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்றால் பி மதிப்பு 120-இல் 1, அதாவது 0.008. நான்கு பேர் என்றால் 24 அடுக்கு, 0.042, அதுவும் போதும். மூன்று பேர் என்றால் 6 அடுக்குதான், 0.05-ஐத் தொடவே முடியாது. ஐந்து பேரை வைத்துத் தொடங்குங்கள், நடுவில் ஒருத்தி ஊருக்குக் கிளம்பிவிட்டாலும் நான்கு பேர் மிஞ்சுவார்கள்.